பிடிக்கத் தெரிந்த வரியைத் திருப்பிக் கொடுக்கத் தெரியாதா?

காசோலை என்றால் என்ன? பி.காம் முதல் வருட மாணவர் யாரைக் கேட்டாலும் ஒப்பித்து விடுவார். 1881ம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம், வங்கிக்கு எழுத்தில் கொடுக்கும் ஆணை, கோடு போட்டது, கோடு போடாதது... பத்து மார்க் நிச்சயம். ஆனால் பரீட்சையில் வராத கேள்வி ஒன்று இருக்கிறது. ஆணை எழுதியவர் ஒரு நாட்டில், பணம் வாங்க வேண்டியவர் வேறொரு நாட்டில் என்றால் என்ன ஆகும்? அதிலும் எழுதியது ஒரு அரசாங்கம், அந்தப் பணம் அதிகமாகப் பிடித்த வரி என்றால்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் இது வெறும் பாடப்புத்தகக் கேள்வி இல்லை. அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம், மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என்று எந்தப் பக்கம் போனாலும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா போய் வந்தவர்கள் இருக்கும் தெருக்கள். கடற்கரை ஊர்களில் இவர்களுக்கு சபுராளி என்றே ஒரு பெயர் உண்டு. அனுப்பிய பணத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். பிடித்த பணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் சிங்கப்பூர். அங்கே வரி கம்மி என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வருடத்துக்கு முதல் 20,000 டாலர் வரை அங்கே வசிப்பவருக்கு வரியே இல்லை. ஆனால் "வசிப்பவர்" என்ற வார்த்தையில்தான் சூட்சுமம். ஒரு காலண்டர் வருடத்தில் 183 நாட்கள் இருந்தால்தான் வசிப்பவர். அதற்குக் கீழே, 60 நாட்களுக்கு மேல் வேலை பார்த்தவர் வசிக்காதவர். அவர் சம்பளத்துக்குக் குறைந்தது 15 சதவீதம் வரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,000 டாலர் சம்பளத்தில் ஒருவர் அக்டோபர் 1ம் தேதி வேலைக்குச் சேர்கிறார். அடுத்த வருடம் மே 31ல் வேலை முடிந்து ஊருக்குத் திரும்புகிறார். முதல் வருடம் 92 நாட்கள், அடுத்த வருடம் 151 நாட்கள். இரண்டு வருடத்திலும் 183 வரவில்லை. அப்படியானால் எட்டு மாதச் சம்பளம் 8,000 டாலருக்கு 15 சதவீதம், அதாவது 1,200 டாலர் வரி. ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே!

ஆனால் அந்த நாட்டு விதியிலேயே ஒரு சலுகை இருக்கிறது. இரண்டு வருடங்களைத் தொட்டுக்கொண்டு தொடர்ச்சியாக 183 நாட்களுக்குக் குறையாமல் இருந்து வேலை பார்த்த வெளிநாட்டு ஊழியரை இரண்டு வருடங்களுக்குமே வசிப்பவராக எடுத்துக்கொள்ளலாம். 92ம் 151ம் சேர்ந்தால் 243. ஆக வரி பூஜ்யம். வந்த தேதியும் போன தேதியும் சரியாகப் பதிவானால் 1,200 டாலர் அவருடையது. பதிவாகாவிட்டால் அரசாங்கத்தினுடையது. ஒரு தேதிக்கு இவ்வளவு விலை.

பிடிப்பது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டுப் போவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே முதலாளி ஐ.ஆர்.21 என்ற படிவத்தை வரித்துறைக்குக் கொடுக்க வேண்டும். கடைசி சம்பளம், லீவு பணம் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க வேண்டும். வரித்துறை கணக்குச் சொன்ன பிறகு வரியைக் கட்டிவிட்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். பிடிக்கிற வேலை கச்சிதமாக முடிந்துவிடுகிறது. தொழிலாளி ஒரு கையெழுத்துக்கூடப் போட வேண்டியதில்லை.

கூடுதலாகப் பிடித்தது பிறகு தெரிந்தால்? இப்போது அங்கே பணம் திரும்ப வருகிற வழக்கமான வழி பேநவ் அல்லது உள்ளூர் வங்கிக் கணக்கு. அதாவது சிங்கப்பூரில் கணக்கு இருக்க வேண்டும். ஆனால் அவர் ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் கணக்கை மூடிவிட்டு, சிம்மையும் நண்பரிடம் கொடுத்துவிட்டு, திருச்சி விமான நிலையத்தில் இறங்கிவிட்டார். பணம் அவருடையது, கதவு மட்டும் நாலு மணி நேர விமானப் பயணத்துக்கு அந்தப் பக்கம்.

அடுத்தது அமெரிக்கா. புதுக்கோட்டையிலிருந்து போகிறவர்களில் இன்ஜினியர்களும் இருக்கிறார்கள். மூன்று வருடம் வேலை பார்த்துத் திரும்பியவருக்குக் கடைசி வருட வரி ரீஃபண்டு, அமெரிக்கக் கருவூலத்தின் காகிதக் காசோலையாகத் தபாலில் வருவதுதான் பல காலம் வழக்கமாக இருந்தது. அந்தக் காசோலை ஒரு வருடம் செல்லும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்திய வங்கியின் கிளையரிங்கில் அது போகாது. "கலெக்ஷன்" என்று சொல்லி அமெரிக்காவில் இருக்கும் இன்னொரு வங்கிக்கு அனுப்பி, அங்கே பணமாகி, திரும்ப இங்கே வர வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். போகிற வழியில் அந்த வங்கிக்கு ஒரு கமிஷன், இந்த வங்கிக்கு ஒரு கமிஷன். தொகை நூறு டாலருக்குள் என்றால் காசோலையை ஃபிரேம் போட்டு மாட்டிவிடலாம் போல இருக்கும்.

கிளையில் உள்ளவர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. அரசாங்கக் காசோலை என்றால் ரொம்பப் பத்திரம் என்று நினைக்கிறோம். ஆனால் கையெழுத்து போலி என்று பிறகு தெரிந்தால், பணமாக்கிய வங்கியிடமிருந்து அமெரிக்கக் கருவூலம் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியும். தெரியாத காகிதத்தைக் கையில் வாங்க காசாளர் யோசிப்பது நியாயம்தான்.

இதிலெல்லாம் பெரிய சிக்கல் பணமே இல்லை, பெயர்!

தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அவ்வளவுதான். ஊர் வங்கிப் பாஸ்புக்கில் மு. கருப்பையா. பாஸ்போர்ட்டில் கருப்பையா முத்தையா, ஏனென்றால் அங்கே இனிஷியலை விரித்து எழுத வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனியில் "மிஸ்டர் முத்தையா". அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று முதல் ஒரு மாதம் திரும்பிப் பார்க்கவே மாட்டார்! பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்து அதுவும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் விழுந்திருந்தால், அமெரிக்க விசாவில் முன்பெயர் எஃப்.என்.யூ என்று வரும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அந்த மூன்று எழுத்தே ஒருவருக்குப் பெயராகி, சம்பளப் பட்டியலிலும் வரிப் படிவத்திலும் ஏறிவிடும். அந்தப் பெயரில் வரும் காசோலையை மு. கருப்பையாவின் கணக்கில் எப்படிப் போடுவது?

இன்னொரு கூத்து. கணவனும் மனைவியும் சேர்ந்து வரிக் கணக்குக் காட்டினால் காசோலை இருவர் பெயரிலும் வரும், இருவரும் பின்னால் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் கணக்கு ஒருவர் பெயரில்தான் இருக்கிறது என்றால் மறுபடியும் முதலிலிருந்து.

இப்போது காகிதமும் போகிறது. 2025 மார்ச் 25ல் கையெழுத்தான அதிபர் ஆணைப்படி, 2025 செப்டம்பர் 30க்குப் பிறகு அமெரிக்க அரசு காகிதக் காசோலைகளைப் படிப்படியாக நிறுத்துகிறது. விதிவிலக்குகள் உண்டு. நல்ல விஷயம்தானே, தபாலில் தொலையாது என்று தோன்றும். ஆனால் வருமான வரி ரீஃபண்டை நேரடியாகப் போடுவது அமெரிக்க வங்கிக் கணக்கில் மட்டும்தான். காகிதம் இருந்தவரை கஷ்டப்பட்டாவது மாற்ற ஒரு வழி இருந்தது. கணக்கை மூடிவிட்டு வந்தவருக்கு இப்போது அந்த வழியும் குறுகுகிறது.

வெளிநாட்டு அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். கொஞ்சம் திரும்பி இந்தியாவையும் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் இருப்பவர் ஊர் வங்கியில் என்ஆர்ஓ கணக்கில் ஐந்து லட்சம் டெபாசிட் போட்டிருக்கிறார், 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வருட வட்டி 35,000 ரூபாய். ஊரில் இருப்பவருக்கு ஒரு வரம்பு தாண்டினால்தான் வட்டியில் வரி பிடிப்பார்கள், அதுவும் 10 சதவீதம். என்ஆர்ஓ கணக்குக்கு வரம்பே கிடையாது. முதல் ரூபாயிலிருந்து 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக மொத்தம் 31.2 சதவீதம். 10,920 ரூபாய் போச்சு. இந்தியாவில் அவருக்கு வேறு வருமானம் இல்லை என்றால் அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். முழுத் தொகையும் திரும்ப வர வேண்டியது. ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் வரும்.

2019 மார்ச் 1 முதல் இந்திய வருமான வரித்துறை ரீஃபண்டை வங்கிக் கணக்கில் மட்டுமே போடுகிறது. அதற்கு முன்னால் காசோலை வீட்டு முகவரிக்கு வரும். 2012 ஏப்ரல் முதல் இந்தியக் காசோலைகளின் ஆயுளை ரிசர்வ் வங்கி ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைத்தது. ஆள் வெளிநாட்டில், காசோலை ஆலங்குடியில், அடுத்த லீவு பத்து மாதம் கழித்து. அந்தத் தொல்லை ஒழிந்தது உண்மை. ஆனால் புதிதாகச் சில பூட்டுகள் வந்திருக்கின்றன. கணக்கு பேன் எண்ணோடு இணைந்து, முன்கூட்டியே சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். பெயர் பொருந்த வேண்டும் (மறுபடியும் இனிஷியல்!). 2023 ஜூலை 1 முதல், ஆதாரோடு இணைக்காததால் செயலிழந்த பேனுக்கு ரீஃபண்டு கிடையாது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு விலக்கு உண்டுதான். ஆனால் அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்பது துறைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்து வருடமாக அபுதாபியில் இருப்பவரின் பேன், வரித்துறைப் பதிவில் இன்னும் அறந்தாங்கியிலேயே குடியிருக்கும்.

ஆக நாடு எதுவானாலும் கதை ஒன்றுதான். பிடிக்கும்போது அரசாங்கம் வேலையை முதலாளியிடமோ வங்கியிடமோ கொடுத்துவிடுகிறது. அப்போது இனிஷியல் பொருந்துகிறதா என்று யாரும் கேட்பதில்லை. திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் எல்லா வேலையும் தனி மனிதன் தலையில். படிவம், கணக்கு, முகவரி, ஓடிபி, கையெழுத்து... வாங்கும்போது எல்லையைத் தாண்டி வரும் கை, கொடுக்கும்போது எல்லையிலேயே நின்றுவிடுகிறது.

இதற்கு ஒரு பதில் சொல்வார்கள். ரீஃபண்டு மோசடி நடக்கிறது, அதனால்தான் இத்தனை சோதனை என்று. மோசடி நடப்பது உண்மை. அடுத்தவர் பெயரில் கணக்குக் காட்டி ரீஃபண்டு வாங்குவது அமெரிக்காவில் பெரிய தலைவலி. சோதனை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆள் யார் என்பது விசா கொடுத்தபோதே தெரியும், கைரேகைகூட வாங்கியாயிற்று. பல மாதம் சம்பளத்தில் வரி பிடித்தபோதும் தெரியும். திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் அவர் அந்நியர் ஆவது எப்படி?

"தொழில்நுட்பம் இல்லை" என்ற சாக்கும் இப்போது செல்லாது. 2023 பிப்ரவரி 21ல் இந்தியாவின் யுபிஐயும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைக்கப்பட்டன. அங்கே இருக்கும் ஒருவர் சிறு தொகையை அலைபேசியிலேயே ஊருக்கு அனுப்ப முடிகிறது. ஒரு தொழிலாளி தன் அம்மாவுக்கு அனுப்ப முடிகிற வழியில், ஒரு அரசாங்கம் அதே தொழிலாளிக்கு அனுப்ப முடியாதா? இந்தியா இந்த விஷயத்தில் ஒரு படி முன்னால் இருக்கிறது. இங்கே வங்கிக் கணக்கே இல்லாத வெளிநாட்டில் வசிப்பவர், ரிட்டர்ன் படிவத்தில் தன் வெளிநாட்டு வங்கிக் கணக்கைக் கொடுக்கலாம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. மற்ற நாடுகளும் செய்ய வேண்டியது இதுதான்.

அதுவரை போகிறவர்களும் வருகிறவர்களும் கவனிக்க வேண்டியவை சில:

1. வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது வரிக் கணக்கு முடியும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடக்கூடாது.

2. வந்த தேதி, போன தேதி முத்திரை அல்லது பதிவின் நகல், சம்பளச் சீட்டுகள், வரித்துறைக் கடிதம் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

3. பாஸ்போர்ட், பேன், வங்கிக் கணக்கு மூன்றிலும் இனிஷியல் விரித்த ஒரே பெயர் இருக்க வேண்டும். இதைப் போவதற்கு முன்பே செய்வது நல்லது.

4. வெளிநாடு போனவுடன் ஊர் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக மாற்றச் சொல்ல வேண்டும். விதியும் அதுதான்.

5. சிங்கப்பூரில் வரி வசிப்புச் சான்றிதழ் வாங்கி ஊர் வங்கியில் கொடுத்தால், இரு நாட்டு ஒப்பந்தப்படி டெபாசிட் வட்டியில் 31.2க்குப் பதில் 15 சதவீதம்தான் பிடிப்பார்கள். அமீரகத்துக்கு 12.5 சதவீதம். பிடிக்காத பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டியதில்லையே!

ஆனால் இந்த ஐந்தையும் பாலைவனத்தில் கம்பி கட்டுபவரே தேடிப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அநியாயம். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. ஜனவரி 12ம் தேதி அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறார்கள். நல்லது. அந்த மேடையில் ஒரு மூலையில், வரி ரீஃபண்டு படிவம் நிரப்பிக் கொடுக்க ஒரு மேசை போடலாம். புதுக்கோட்டையில் நிரந்தரமாக ஒரு மேசை போட்டால் இன்னும் நல்லது. உட்கார ஆள் இல்லை என்றால் மாவட்டத்தின் கல்லூரிகளில் வணிகவியல் மாணவர்கள் இருக்கிறார்கள். வரிச் சட்டத்தைப் பரீட்சைக்கு மட்டும் படிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

1948 வரை புதுக்கோட்டை தனி சமஸ்தானம். அம்மன் காசு என்று சொந்தமாக ஒரு சின்னச் செப்புக் காசு இருந்தது. சமஸ்தான எல்லைக்குள்தான் அது காசு, வெளியே வெறும் செம்பு. அப்போதாவது அந்த விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்று கையில் இருக்கும் டாலர் காசோலையைப் பார்த்து அது உலகம் முழுக்கச் செல்லும் என்று நினைக்கிறோம். கவுன்ட்டரில் நின்ற பிறகுதான் அதுவும் ஒரு அம்மன் காசு என்று தெரிகிறது.