படைப்பைக் காப்பதும் கட்டளையே

ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8இல் அன்னையின் பிறப்பு விழா. இந்த நவநாளின் நடுவில் வரும் செப்டம்பர் 1, படைப்பைப் பேணுவதற்காக உலகெங்கும் கத்தோலிக்கர் செபிக்க வேண்டும் என்று 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்திய நாள். நம் பங்குகள் பலவற்றில் அது திருப்பலியில் ஒரு மன்றாட்டோடு முடிந்துவிடுகிறது. திருவிழாவுக்கும் அந்த மன்றாட்டுக்கும் தொடர்பிருப்பதாக நாம் நினைப்பதே இல்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடுத்தி, சிறு தேரை இழுத்தபடி வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடந்து போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு வழிநெடுகப் பந்தல் போட்டுத் தண்ணீரும் சோறும் கொடுப்பது பெரும் புண்ணியம். அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் கூட்டம் நகர்ந்த பிறகு அந்த இடத்தில் சற்று நின்று பாருங்கள். ஓரத்தைக் கடித்துக் குடித்து எறிந்த தண்ணீர் பாக்கெட்டுகள், குழம்பு காய்ந்து ஒட்டிய பிளாஸ்டிக் பூச்சுத் தட்டுகள், அவற்றை நக்கிக்கொண்டிருக்கும் மாடு. அடுத்த மழையில் மிச்சமெல்லாம் வாய்க்காலில் இறங்கும், அங்கிருந்து கடலுக்குப் போகும். வலை இழுக்கும் மீனவர் மீனோடு சேர்த்து அதையும் அள்ளுவார். தண்ணீர் பாக்கெட், பூச்சுத் தட்டு, தெருவெங்கும் தோரணம் கட்டும் பிளாஸ்டிக் கொடி எல்லாமே 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. சட்டம் கூடாது என்றதை அன்னையின் பெயரால் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆன்மாக்களைக் கவனிப்பதுதான் திருச்சபையின் வேலை, குப்பையை நகராட்சி பார்த்துக்கொள்ளட்டும் என்பவர்கள் நம்மிடையே உண்டு. பக்தியில் குறையாதவர்கள்தாம். ஆனால் திருச்சபை அப்படிப் போதிக்கவில்லை. இயற்கைக்குச் செய்ய வேண்டிய கடமை விசுவாசத்தைச் சேர்ந்தது என்று 1990ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்தியிலேயே இரண்டாம் யோவான் பவுல் எழுதிவிட்டார். 2015இல் வந்த ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடல் இன்னும் கறாராகப் பேசியது: இது கிறிஸ்தவ வாழ்வில் வேண்டுமானால் செய்யலாம் என்று விடக்கூடிய காரியமே அல்ல. மறு ஆண்டு, இரக்கச் செயல்களின் வரிசையில் நம் பொது இல்லமான பூமியைப் பேணுவதையும் திருத்தந்தை பிரான்சிஸ் சேர்த்தார். பசித்தவருக்குச் சோறிடுவதும் படைப்பைக் காப்பதும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றைச் செய்கிறோம் என்று இன்னொன்றை மிதிப்பதற்கு அதன்பிறகு என்ன நியாயம் இருக்கிறது?

படைப்பு சீர்கெடும்போது முதலில் அடிபடுவது ஏழையின் வீடு. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலைக் குமரிக் கடற்கரை மறக்காது. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளில் பெரும்பாலானவை கத்தோலிக்க வீடுகள். கடல் சூடாவதால் அரபிக்கடலில் புயல்கள் வலுப்பதாக வானிலை ஆய்வாளர்கள் தொடர்ந்து எச்சரிக்கிறார்கள். அந்தச் சூட்டைக் கூட்டியதில் கட்டுமரக்காரருக்குப் பங்கு மிகக் குறைவு. அனுபவிப்பது அவர்தான். பிறரை அன்பு செய்யச் சொன்ன கட்டளையை வைத்துக்கொண்டு இதை வேறு யாருடைய கவலையோ என்று ஒதுக்க நமக்கு உரிமை இல்லை.

பிலிப்பைன்ஸ் ஆயர்கள் 1988லேயே சுற்றுச்சூழலுக்கென்று ஒரு மேய்ப்புப்பணி மடல் எழுதினார்கள். 2022இல் அதைவிடக் கடினமான முடிவுக்கு வந்தார்கள்: நிலக்கரி, சுரங்கம், கல்குவாரி, மரம் வெட்டும் தொழில் நடத்துபவர்களிடமிருந்து நன்கொடை வாங்குவதில்லை. ஏழை நாட்டின் திருச்சபை அது, பணத் தேவை அங்கும் உண்டு. நம் ஊர்களில் நிலைமை என்ன? ஆற்று மணலை அள்ளியவரும் மலையை உடைத்தவரும் திருவிழா நாளுக்கு உபயம் கொடுத்தால் எந்தக் கேள்வியும் இல்லாமல் வாங்கிக்கொள்கிறோம். அவர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கிறோம், பெரிய ஃப்ளெக்ஸில் போடுகிறோம். அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று பங்குப் பேரவையில் யாராவது ஒருவர் எழுந்து கேட்டே ஆக வேண்டும். கேட்பவருக்குக் கெட்ட பெயர் வரும் என்பது தெரிந்தே சொல்கிறோம்.

இன்னொன்றும் நடக்க வேண்டும். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் செய்யும் மனச்சான்று ஆய்வில் பொய், களவு, கோபம் எல்லாம் வருகின்றன. குளத்தில் கழிவைக் கொட்டியதும் ஏரியை வளைத்து வீடு கட்டியதும் வருவதில்லை. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு அதைப் பாவம் என்று நாம் சொல்லிக்கொடுக்காததுதான் காரணம். அருள்தந்தையர் மறையுரையில் இதைத் தயங்காமல் பேச வேண்டும்.

பங்குத்தந்தையருக்கும் பேரவையினருக்கும் அன்பியங்களுக்கும் நம் வேண்டுகோள் இதுதான்: இந்த ஆண்டு கொடியேற்றத்துக்கு முன்பே கூடிப் பேசுங்கள். வாழை இலையிலோ மந்தார இலையிலோ பரிமாறுங்கள், குடத்தில் தண்ணீர் வையுங்கள், துணிக் கொடி கட்டுங்கள். உபயப் பட்டியலை ஒருமுறை நேர்மையாகப் படித்துப் பார்த்து, வாங்கக் கூடாததைத் திருப்பிக் கொடுங்கள்.