டூப்ளிகேட்

திருப்புல்லாணி ஆதிஜகந்நாதர் கோயில் வாசலில் பழைய நண்பர் ஒருவரைப் பார்த்தேன். மகளுக்குக் கல்யாணமாம். மாப்பிள்ளை வீட்டார் ஏழு கல் வைரத்தோடு ‘எதிர்பார்க்கிறார்கள்’. தென்னந்தோப்பை அடமானம் வைக்கப் போகிறார்.

‘‘ஆய்வகத்தில் செய்த வைரம் வாங்கலாமே, விலை ரொம்பக் குறைவு’’ என்றேன்.

‘‘டூப்ளிகேட்டாண்ணே? சம்பந்தி வீட்ல தெரிஞ்சா மானம் போயிரும்!’’

இந்த ஒரு வார்த்தைதான் எத்தனை தோப்புகளை விழுங்குகிறது! கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

‘அமெரிக்கன் டைமண்ட்’ என்பது க்யூபிக் ஜிர்கோனியா. அதில் கார்பனே கிடையாது. வைரத்தைவிட கனம் அதிகம், கடினம் குறைவு. மாய்சனைட் என்பது சிலிகான் கார்பைடு. வெப்பத்தை வைத்து வைரம் சோதிக்கும் கருவியையே ஏமாற்றிவிடும். இரண்டும் அழகான கற்கள்தான். ஆனால் வைரம் அல்ல. வைரமென்று விற்றால் மோசடி.

ஆய்வக வைரம் அப்படியல்ல. அசல் கார்பன். பூமிக்கடியில் யுகயுகமாக நடந்ததை இயந்திரத்தில் சில வாரங்களில் முடிக்கிறார்கள். வெறும் லென்ஸை வைத்துக்கொண்டு வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. 2023-ல் நம் பிரதமர் ஜில் பைடனுக்குப் பரிசளித்த 7.5 காரட் கல் இந்த ஜாதிதான். யார் மானமும் போகவில்லை.

மன்னார் வளைகுடாக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. 1973-லேயே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். இன்று கடையில் விற்கும் முத்து ஏறக்குறைய எல்லாமே வளர்த்ததுதான். அதை யாராவது டூப்ளிகேட் என்கிறோமா?

ஒரு எச்சரிக்கை. ஆய்வக வைரத்தைத் திருப்பி விற்றால் போட்ட காசு வராது. விலை வருஷா வருஷம் சரிந்திருக்கிறது. டி பியர்ஸ் கம்பெனியே 2018-ல் காரட் 800 டாலர் என்று விற்க ஆரம்பித்து, 2025-ல் அந்தக் கடையை மூடுவதாக அறிவித்தது. ஆனால் சுரங்க வைரம் மட்டும் என்ன வாழ்கிறது? வாங்கிய தோட்டை மறுநாளே வேறு கடையில் நீட்டிப் பாருங்கள், தெரியும். காதில் போடத்தான் வைரம், சேமிப்புக்கு அல்ல. எதை வாங்கினாலும் அதன் பெயரை பில்லில் எழுதி வாங்குங்கள். சான்றிதழும் கேளுங்கள்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட நண்பர், ‘‘சரிதாண்ணே, சம்பந்திகிட்ட யாரு சொல்றது?’’ என்றார்.

அவரிடம் கல்லைப் பற்றிப் பேசவே வேண்டாம். பெண் வீட்டாரிடம் தோடு கேட்பதே 1961-ம் வருஷத்திய வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றம். சுரங்கத்துக் கல்லானாலும் சரி, ஆய்வகத்துக் கல்லானாலும் சரி. டூப்ளிகேட் எது என்று தேட வேண்டிய இடம் தோடு அல்ல.