மாத்திரையும் மாமியாரும்

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி எனக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருந்தார். மூன்றரைப் பக்கம் வரையில் குழந்தைகளின் படிப்பு, வீட்டுச் செலவு, நம் பத்திரிகையில் வரும் தொடர்கதையின் கதாநாயகிக்கு இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்ற விசாரணை. கடைசி அரைப் பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. பெண்களாகிய நாம் கடிதம் எழுதினால் அப்படித்தானே? சொல்ல வந்ததைக் கடைசியில்தான் வைப்போம்.

"ஆறு வருஷமாக எனக்குப் பெருங்குடலில் புண். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ரத்தமாகப் போன காலமும் உண்டு. கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பதற்கு முன் கழிப்பறை எங்கே என்றுதான் என் கண் தேடும். டாக்டர் கொடுத்த ஒரு மாத்திரையில் இரண்டு வருஷமாகச் சௌக்கியமாக இருந்தேன். போன மாதம் என் பெரிய பையன் அந்த மாத்திரையின் பெயரைக் கைபேசியில் தட்டிப் பார்த்து, 'இது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து' என்று அவன் பாட்டிக்குப் படித்துக் காட்டிவிட்டான். அன்றிலிருந்து அத்தை என்னை விடவில்லை. தினம் ஒரு கஷாயம். நானும் பயந்து போய் மாத்திரையை நிறுத்தி இன்றோடு பன்னிரண்டு நாள். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. நான் செய்தது சரிதானா?"

சரியில்லை, சகோதரி. கடிதத்தின் அடியில் இருந்த எண்ணில் அன்றே கூப்பிட்டு, "இன்றைக்கே உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்" என்று சொன்னேன். மறு வாரம் மதுரையில் எனக்கு வேலை இருந்தது. ஆகவே நேரிலும் போய்ப் பார்த்தேன். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார், சரி என்றேன்.

மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில், பல்கலைக்கழகத்துக்குச் சற்று முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கினால் நாகமலை புதுக்கோட்டை. பக்கத்திலேயே நாகமலை பாம்பு படுத்தாற்போல நீண்டு கிடக்கிறது. வீட்டு வாசலில் வரவேற்றவர் மாமியார்தான். எழுபது வயது இருக்கும். காப்பி கொடுத்த கையோடு விசாரணையையும் ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. உடம்புக்குத் தெம்பு வரத்தானே மருந்து? இருக்கிற தெம்பையும் குறைக்கிறதுக்கு யாராவது மருந்து சாப்பிடுவாங்களா? ரெண்டு பச்சைப் பிள்ளைகளை வச்சிருக்கா. இவளுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்னம்மா செய்வேன்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. பொல்லாத மாமியார் என்று நினைத்துக்கொண்டு போன எனக்கு வெட்கமாக இருந்தது. அது அதிகாரமல்ல, பயம். பயத்துக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

"பாட்டி, வீட்டில் நாய் வளர்க்கிறோம். திருடனைக் கண்டால் குரைக்க வேண்டும், கடிக்க வேண்டும். அது வீட்டு மனுஷரையே கடிக்க ஆரம்பித்தால் என்ன செய்வீர்கள்?"

"கட்டிப் போடுவோம்."

"உங்கள் மருமகள் உடம்பில் அதுதான் நடக்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமியைக் கடிக்க வேண்டிய சக்தி, அவர் குடலையே கடித்துப் புண்ணாக்குகிறது. இந்த மாத்திரை அந்த நாய்க்குக் கயிறு. கொல்லுவதில்லை, கயிற்றைக் குட்டையாக்கிக் கட்டுகிறது. இரண்டு வருஷமாக நாய் சும்மாதானே இருக்கிறது என்று கயிற்றை அவிழ்த்தால் மறுபடியும் கடிக்கும்."

கிழவி சிறிது யோசித்தார். "அப்ப திருடன் வந்தா?"

"அதற்குத்தான் கதவை நாம் சாத்திக்கொள்ள வேண்டும்."

இந்தக் கதவுகளைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். இந்த நோயில் இரண்டு வகை உண்டு. ஒன்று பெருங்குடலின் உட்புறத்தைப் புண்ணாக்குவது. மற்றது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும் குரோன் நோய். 1932-ல் அதை விவரித்து எழுதிய அமெரிக்க டாக்டர்களில் ஒருவரின் பெயர் அது. வெளியே சொல்லக் கூச்சப்படும் நோய் என்பதால், உங்கள் தெருவிலேயே ஒருத்தி இதை மறைத்துக்கொண்டு இருக்கலாம்.

அந்தச் சகோதரி சாப்பிடும் மாத்திரை அசதையோபிரின். அதன் பின்னால் ஒரு பெண்ணின் கதை இருக்கிறது. நியூயார்க்கில் பிறந்த கெர்ட்ரூட் எலியன், பதினைந்து வயதில் தன் தாத்தாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். ரசாயனம் படித்துப் பட்டம் பெற்றும், பெண் என்பதனால் ஆராய்ச்சி வேலை எளிதில் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் கூடச் சொல்லிக்கொடுத்தார். பின்னால் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் என்பவருடைய ஆராய்ச்சிசாலையில் சேர்ந்தார். 1957-ல் அங்கே உருவானதுதான் இந்த மருந்து. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க 1960-களில் முதலில் கொடுத்தார்கள்; பிறகு குடலுக்கும் வந்தது. 1988-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மாத்திரை மெதுவானது. முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். 'ஒரு வாரமாகச் சாப்பிடுகிறேன், ஒன்றும் தெரியவில்லையே' என்று விட்டுவிடாதீர்கள்.

சரி, கதவுகளுக்கு வருவோம்.

முதல் கதவு அடுப்பங்கரை. கொதித்து ஆறிய தண்ணீர், காய்ச்சிய பால், சூடாகப் பரிமாறிய சோறு, ஆவி பறக்கும் இட்லி: இவற்றைப் போல நல்ல காவல் வேறில்லை. மதுரைக்காரர்களுக்குச் சொல்ல மனம் வரவில்லை; ஆனாலும் சொல்கிறேன். எந்தத் தண்ணீரில் உறைந்ததென்று தெரியாத ஐஸ் போட்ட ஜிகர்தண்டா வேண்டாம். பாதி வெந்த கலக்கியும் ஆஃப்பாயிலும் வேண்டாம். முட்டை நன்றாக வேகட்டும். நறுக்கி வைத்து ஈ மொய்க்கும் பழம் வேண்டாம். முழுப் பழம் வாங்கிக் கழுவி நீங்களே நறுக்குங்கள்.

இரண்டாவது கதவு காலடியில் இருக்கிறது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்தின் தோல் வழியாகவே ஏறும் ஒருவகைக் குடல் புழு உண்டு. சாதாரணமாக அது வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். பிரட்னிசலோன் போன்ற ஸ்டிராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உடம்பில் அது கட்டுக்கடங்காமல் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே தோட்டத்துக்கும் கொல்லைக்கும் செருப்பில்லாமல் போகாதீர்கள். ஸ்டிராய்டைப் பற்றி இன்னொன்று: பல வாரம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியது அதற்குள் உறங்கிப் போயிருக்கும். அது விழித்துக்கொள்ள அவகாசம் வேண்டும். டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

மூன்றாவது கதவு அம்மையும் அக்கியும். உறவினர் வீட்டில் வேப்பிலை செருகியிருந்தால் இந்த மருந்து சாப்பிடுகிறவர் அங்கே போக வேண்டாம். மூன்றாவது தண்ணீர் ஊற்றிய பிறகு போய்ப் பார்த்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முன்பு அம்மை வராத ஒருவர் தெரியாமல் அந்த வீட்டுக்குப் போய்விட்டால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அக்கி வந்தால் செங்காவி குழைத்து எழுதுவது நம் பக்கத்து வழக்கம். எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் டாக்டரைப் பார்த்த பிறகு. அக்கிக்கு உரிய மாத்திரையை மூன்று நாளைக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம்.

நான்காவது கதவு தடுப்பூசி. உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசிகள் இவர்களுக்கு ஆகாது. தட்டம்மை ஊசியும் சின்னம்மை ஊசியும் அந்த வகை. கொன்ற கிருமியிலிருந்தோ கிருமியின் ஒரு பகுதியிலிருந்தோ செய்தவற்றைப் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ளவும் வேண்டும்: வருஷத்துக்கு ஒரு முறை ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி, மஞ்சள் காமாலை பி ஊசி. மருந்து ஆரம்பிப்பதற்கு முன்பே போட்டுக்கொண்டால் இன்னும் உத்தமம். வீட்டுக் குழந்தைகளின் தடுப்பூசியை இதற்காக நிறுத்தாதீர்கள். போலியோ சொட்டு மருந்து குடித்த குழந்தையின் துணியை மட்டும் சில வாரம் வேறு யாராவது மாற்றட்டும். முடியாவிட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவுங்கள்.

ஐந்தாவது கதவுதான் நம் நாட்டில் முக்கியமானது: காசநோய். உலகத்துக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர். கிருமி உடம்புக்குள் வந்து தூங்கிக்கொண்டிருப்பவர்கள் அதைவிடப் பலர். நாயின் கயிற்றைக் குட்டையாக்கும்போது இந்தத் தூங்கும் திருடன் எழுந்துகொள்ளலாம். அதிலும் இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசி மருந்துகளில் இந்த அபாயம் அதிகம். ஆகவேதான் டாக்டர்கள் முன்கூட்டியே மார்பு எக்ஸ்ரேயும், தோலிலோ ரத்தத்திலோ ஒரு பரிசோதனையும் கேட்கிறார்கள். 'வயிற்று வலிக்கு மார்பை ஏன் படம் எடுக்கிறார்கள்?' என்று முணுமுணுக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைச் சுரம், இளைப்பு என்றால் உடனே சொல்லுங்கள். சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், இந்த நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1959-ல் உலகத்துக்கு எடுத்துக் காட்டியது. மாத்திரையை நடுவில் விடாமல் சாப்பிட்டால் என்பதுதான் அதற்கு நிபந்தனை. நம் சகோதரிக்கும் அதே பாடம்தான்.

நான் இவ்வளவும் சொல்லி முடித்ததும் பாட்டி, "கஷாயத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?" என்றார். எதைப் போட்டுக் கொதிக்க வைக்கிறார் என்று கேட்டேன். மிளகு, சுக்கு, சீந்தில்கொடி. மிளகும் சுக்கும் ரசத்தில் போகட்டும். சீந்தில்தான் சங்கடம். எதிர்ப்புச் சக்திக்கென்று அதைத் தொடர்ந்து சாப்பிட்ட சிலருக்கு ஈரல் கெட்டதாக மும்பை டாக்டர்கள் 2021-ல் எழுதியிருக்கிறார்கள். கட்டிப் போட்ட நாயைக் குச்சியால் குத்துவது போன்றது அது. எதிர்ப்புச் சக்தியை வளர்க்கும் என்று விளம்பரம் செய்யும் எந்தப் பொடியையும் லேகியத்தையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர் தானே கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. ஆரம்பத்தில் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு முறையும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் ரத்தப் பரிசோதனை அவசியம். வெள்ளை அணுக்கள் குறைகின்றனவா, ஈரல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். நம்மைப் போன்ற ஆசியாக்காரர்களில் சிலருக்குப் பிறவியிலேயே இந்த மருந்து ஒத்துக்கொள்ளாத ஒரு மரபணு உண்டு. ஆரம்பித்த சில வாரத்தில் கூந்தல் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் எண்ணெயை மாற்றாதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள். வெள்ளை அணுக்கள் விழுவதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் அலோப்யூரினால் மாத்திரையை டாக்டருக்குத் தெரியாமல் இதோடு சேர்த்தால் விபரீதம். வேடிக்கை என்னவென்றால், அதுவும் எலியன் அம்மையார் இருந்த ஆராய்ச்சிசாலையிலிருந்து வந்ததுதான்!

தர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். சுரம் 100.4 டிகிரியைத் தொட்டால், தொண்டைப் புண்ணோ குளிரோ சேர்ந்து வந்தால், 'நாளைக்குப் பார்ப்போம்' என்பது கூடாது. அன்றே டாக்டர். சில நாள் மாத்திரையை நிறுத்தி வைப்பதா வேண்டாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

குழந்தைக்கு ஆசைப்படும் இளம் பெண்களுக்கு ஒரு வார்த்தை. அசதையோபிரினைக் கர்ப்ப காலத்திலும் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். நோய் பொங்குவதுதான் சிசுவுக்குப் பெரிய கெடுதல். மெதோட்ரெக்ஸேட் மட்டும் கூடவே கூடாது; பல மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டுக்கொண்ட தாய், பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. போடும் முன் அதைத் தெரிவிக்க வேண்டும்.

நம் சகோதரியின் கதையை முடித்துவிடுகிறேன். போன் செய்த மறுநாளே அவர் டாக்டரிடம் போயிருக்கிறார். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. ரத்தத்தையும் ஈரலையும் பரிசோதித்துவிட்டு, கஷாயத்தை நிறுத்தி மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொன்னாராம். கணவரிடமும் சொல்லியாகிவிட்டது. "முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாராம்.

போன வாரம் மறுபடி பேசினேன். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றேன். "சௌக்கியம். ஆனால் அத்தை தொல்லை முன்னைவிட அதிகமாகிவிட்டது" என்று சிரித்தார். தண்ணீர் கொதித்ததா, செருப்புப் போட்டாயா, ராத்திரி மாத்திரை சாப்பிட்டாயா என்று நாளெல்லாம் கேள்வியாம்.

கதவைச் சாத்த அதைவிட நல்ல ஆள் கிடைக்குமா, சகோதரிகளே? உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோயை யாராவது தனியாக மூடி வைத்துக்கொண்டிருந்தால், இன்றைக்கே இன்னொருவரிடம் சொல்லிவிடுங்கள்.