ஐந்து முறை சரியாக வந்தால் போதுமா?

மாணவர்களே, இந்த எண் தோரணியைப் பாருங்கள்: 3, 5, 17, 257, 65,537. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு விடையுடனும் 1 கூட்டினால் இவை கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். அப்படியானால் ஆறாவதும் பகா எண்தானா?

‘ஆம்’ என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். பிரெஞ்சுக் கணித மேதை பியேர் டி ஃபெர்மாவும் 1640-இல் அப்படித்தான் நம்பினார். இந்தத் தோரணியில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்பது அவர் கருத்து. ஆனால், அதை அவரால் நிறுவ முடியவில்லை.

ஆறாவது எண் 4,294,967,297. ஏறக்குறைய 92 ஆண்டுகள் கழித்து, 1732-இல், லியோனார்ட் ஆய்லர் இதன் காரணிகளைக் கண்டுபிடித்தார். 641-ஐ 6,700,417-ஆல் பெருக்கிப் பாருங்கள். அதே எண் வரும். ஆக, ஆறாவது எண் பகா எண் அன்று.

641 எப்படிச் சிக்கியது? இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வரவேண்டும் என்று ஆய்லர் நிறுவிக் காட்டினார். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை! கண்டபடி வகுத்துப் பார்ப்பதைவிட, முதலில் யோசிப்பது எவ்வளவு வேலையை மிச்சப்படுத்துகிறது பாருங்கள். அதன் பிறகு இந்தத் தோரணியில் புதிதாக ஒரு பகா எண்கூட இன்றுவரை கிடைக்கவில்லை.

இதை ஏன் ஓர் அறிவியல் ஆசிரியர் சொல்கிறேன்? நம் ஆய்வுக்கூடத்திலும் இதே பழக்கம் உண்டு. சுருள்வில்லில் எடையை ஏற்றி ஐந்து அளவுகள் எடுப்போம். வரைபடத்தில் நேர்கோடு வந்ததும், ‘எடை கூடக் கூட நீட்சியும் அதே விகிதத்தில் கூடும்’ என்று முடிவு எழுதிவிடுவோம். இன்னும் எடை ஏற்றினால்? மீள்தன்மை எல்லையைத் தாண்டியதும் கோடு வளைந்துவிடும். ஐந்து அளவுகளும் சரிதான். அவற்றை எல்லாவற்றுக்கும் பொருத்தியதுதான் பிழை.

‘எல்லாவற்றையும் சந்தேகித்தால் பாடத்தை எப்போது முடிப்பது?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தோரணியைக் கவனிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை; அங்கிருந்துதான் அறிவியல் தொடங்குகிறது. ஆனால், தோரணி என்பது ஓர் ஊகம் மட்டுமே. கணிதத்தில் அதற்கு நிறுவல் வேண்டும். அறிவியலில் அதற்குக் காரணமும், மேலும் சோதனைகளும் வேண்டும்.

எனவே, அடுத்த முறை பரிசோதனை அறிக்கையை முடிக்கும்போது ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: ‘இந்த முடிவு எந்த எல்லைக்குள் உண்மை?’ அந்த வரிக்குத் தேர்வில் மதிப்பெண் கிடைக்காமல் போகலாம். இருந்தாலும் எழுதுங்கள். ஆறாவது எண்ணையும் சோதித்துப் பார்க்கும் பழக்கம் அதிலிருந்துதான் வரும்.