வாசலில் நிற்பவனின் அனுமதிப்பத்திரம் எங்கே?

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் நுழைவதானால், அது எந்நாட்டுக் கப்பல், என்ன சரக்கு, யார் தலைமை மாலுமி என்பதையெல்லாம் எழுத்தில் காட்டியாக வேண்டும். கொட்பேயிலிருந்து கடலுக்குப் போகும் வள்ளத்துக்கும் இலக்கம் உண்டு. அதில் போகிறவனின் தொழிலுக்கு 1996ஆம் ஆண்டுக் கடற்றொழில் சட்டப்படி அனுமதிப்பத்திரம் உண்டு. ஆனால் அந்த மீனவன் கடலில் நிற்கும் வேளை பார்த்து, கிழமைக் காசு கேட்டு அவன் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவனிடம் மட்டும், உன் பெயர் பொறித்த பத்திரம் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. ஏன் என்று நாம் கேட்கிறோம்.

நுண்கடன் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் உள்ள தாய்மார்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர்ப் பெண்கள் சிலரை ஒரு குழுவாக்கி, ஒருத்தியின் கடனுக்கு மற்றவர்களைப் பிணையாக்குவார்கள். கிழமைதோறும் தவணை. ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்டும்வரை எவரும் எழுந்து போக முடியாது. காணி உறுதி கேட்பதில்லை, நகை கேட்பதில்லை; அயலவளின் முகத்தையே ஈடாக வாங்குகிறார்கள். 2004இல் கடல் கொண்டுபோனதையும், 2009 வரை போர் கொண்டுபோனதையும் மீண்டும் தேடிக்கொள்ள வேண்டிய மக்களிடம் இந்தக் கடன் வந்தபோது அவர்கள் மறுக்கும் நிலையில் இருக்கவில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். அதையும் அடைக்க வளைகுடா நாட்டில் வீட்டுவேலை. இதற்கு அபிவிருத்தி என்று பெயர் வைத்தவர்களின் துணிவை என்னென்பது!

2018 செப்டெம்பரில் இந்நாட்டுக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, ஆண்டுக்கு நூற்றுக்கு 220 வரை வட்டி வாங்கப்படுவதையும், அறவிட வருவோர் சிலர் பெண்களிடம் தகாத இச்சைக்கு இணங்கக் கேட்பதையும் வெளிப்படையாகவே சொன்னார். அவ்வாண்டிலேயே, வரட்சியால் வாடிய 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. நூற்றுக்கு 35 என வட்டிக்கு ஓர் எல்லையும் வந்தது. வட்டியின் அளவைப் பற்றிப் பேசினார்கள். வாசலில் நிற்பவனைப் பற்றிப் பேசவில்லை.

சட்டமே இல்லாத நாடா இது? 1918ஆம் ஆண்டிலேயே பணம் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. 1942இல் வந்த கட்டளைச் சட்டம் அடகு பிடிப்போன் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்றது. ஒரு சோடிக் காப்பை அடகு பிடிக்க அனுமதி வேண்டும். ஒரு பெண்ணின் மானத்தை அடகு பிடிக்க வேண்டியதில்லை! 1990இல் கடன் கொடுத்தவர்களுக்காக இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று கடன் வழக்கை விரைவாக்கியது. மற்றது, ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் விட வங்கிக்கு உரிமை தந்தது. கொடுத்தவனுக்கு இத்தனை விரைவு. 2016ஆம் ஆண்டு நுண்நிதிச் சட்டமோ வைப்புப் பணம் ஏற்கும் கம்பனிகளையே பெரிதும் தேடிப் போயிற்று. கடன் மட்டும் கொடுப்போர் அதன் வேலிக்கு வெளியே நின்றனர்.

பின்னர் ஓர் அதிகாரசபை வேண்டும் என்று சட்டமூலம் வரைந்தார்கள். அது ஊர் மரண உதவிச் சங்கத்தையும் சிக்கனச் சங்கத்தையும் கம்பனிகளோடு ஒரே வலையில் வாரிவிடும் என்று பலர் அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானதே. பொட்டலம் சீனியும் பாயும் கொண்டு சாவீட்டுக்குப் போகும் சங்கத்துக்கு அனுமதிப்பத்திரம் எதற்கு? கூலிக்குக் கடன் அறவிட ஆளனுப்புகிறவனையும், அனுப்பப்படுகிறவனையும் பிடியுங்கள் என்பதே நம் வாதம். அதிகாரசபை எப்பெயரில் அமைந்தாலும் இந்த ஒன்றைத் தவறவிட்டால் அது வெறும் கட்டடந்தான்.

கட்டுப்படுத்தினால் கடன் கொடுப்போர் ஓடிவிடுவர், ஏழைகள் கந்துவட்டிக்காரனிடம் போவர் என்று கம்பனிகளுக்காகக் கண்ணீர் வடிப்போர் உளர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் கடன் அறவிடுவோர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என 2020இல் சட்டம் இயற்றியது. அங்கே கடன் கொடுப்பார் இல்லாமற் போய்விட்டனரா? இந்திய ரிசர்வ் வங்கி, காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அறவிடுவோர் அழைக்கலாகாது என்று 2022இல் பணித்தது. கடன் பெற்றோரை மிரட்டி வசூலிப்போருக்குச் சிறை என 2025இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டம் செய்தது. கடலுக்கு அக்கரையில் முடிவது இக்கரையில் முடியாதா?

நாம் கேட்பது பெரிதன்று. அறவிட வரும் ஒவ்வொருவனும் தன் பெயரும் படமும் உள்ள அனுமதிப்பத்திரத்தைக் கழுத்தில் அணிந்து வரட்டும். அவன் பெயர் பிரதேச செயலகத்துப் பலகையில் இருக்கட்டும். கடன் பத்திரமும் பற்றுச்சீட்டும் வாங்கியவள் வாசிக்கும் மொழியில் இருக்கட்டும். இருட்டியபின் வந்தாலோ, வீட்டுக்குள் குந்தியிருந்தாலோ, தகாத சொல் சொன்னாலோ, அவனது அனுமதியோடு அவனை அனுப்பிய கம்பனியின் அனுமதியும் பறிபோகட்டும். அதுவரை, பத்திரம் காட்டாதவனுக்குப் படலையைத் திறக்க வேண்டாம் என்று நம் தாய்மாருக்குச் சொல்கிறோம். தனியே நிற்பவளின் வாசலுக்கு அயலவர் நால்வர் போய் நில்லுங்கள்.