கருவி நுமது, எழுத்து யாவர்க்கும் உரியது!

கணிப்பொறி நிரல் எழுதுவாரிடையே நெடுநாட் பூசல் ஒன்று உண்டு. நிரலைத் தட்டச்சிட்டுத் திருத்த உதவும் கருவியை உரைத்தொகுப்பி என்பர். 1976ஆம் ஆண்டில் பில் ஜாய் ஆக்கிய 'வி.ஐ.' சிறந்ததா, அதே ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் முதலியோர் ஆக்கிய 'ஈமேக்ஸ்' சிறந்ததா என்பதே வழக்கு. ஸ்டால்மன், துறவியர் அங்கி பூண்டு, 'ஈமேக்ஸ் திருச்சபை'யின் புனிதர் யாமே என வேடிக்கை செய்பவர். 2001 சூலையில், திருவனந்தபுரத்தில் நிகழ்ந்த இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் தொடக்க விழாவிற்கு வந்தவரும் அவரே.

பொன்முடி மலையடியில் கல்லாற்றில் வாழும் நாம் இப்பூசலை இகழோம். நடுவணரசு அலுவலகத்தில் தட்டச்சிட்டே காலங்கழிக்கும் நமக்கு விரற்பழக்கத்தின் அருமை தெரியும். மேலும், வி.ஐ.யில் எழுதிய கோப்பு ஈமேக்ஸில் ஓரெழுத்தும் பிசகாது திறக்கும். அவர்தம் பூசலால் எவர் எழுத்தும் அழிந்ததில்லை.

நம்மவர் பூசலோ அத்தகையதன்று. பழைய தட்டச்சு முறை, 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99, ஆங்கில எழுத்தால் ஒலிபெயர்க்கும் முறை என அணி பிரிந்து நின்றதில் குற்றமில்லை. ஆனால் எழுத்துருவுக்கு ஒரு குறியீடு என வகுத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கவொண்ணாதபடி செய்துகொண்டோமே, அதுவே குற்றம்! ஒருங்குறியில் 1991லேயே தமிழ் இடம்பெற்றது. 2010இல் தமிழக அரசும் அதனை ஏற்றது. பழைய தட்டச்சு முறையிலேயே ஒருங்குறியில் எழுதவும் இயலும். பின்னும், "எமக்குப் பழகிய எழுத்துருவே போதும்" என்பது பற்றன்று, பிடிவாதம்.

சென்ற ஆண்டு பழைய மலர் ஒன்றின் கோப்பைத் திறந்தோம். திரை முழுதும் பொருளற்ற குறிகள்! அது எவ்வெழுத்துருவில் அமைந்ததென அறிவார் இலர். எழுதிய பெரியவரும் இன்றில்லை. அச்சுப் படியும் கிட்டவில்லை. பள்ளியில் மலையாளம் பயின்று, வீட்டில் தமிழ் கற்கும் அவர்தம் பெயர்த்தி, "தாத்தா என்ன எழுதினார்?" என வினவினாள். விடையின்றி நின்றோம்.

சங்கத்துப் பெரியோர்காள்! விரும்பிய விசைப்பலகையில் எழுதுக. அதன் பெருமையை விடியுமளவும் வாதிடுக. ஆயின் அடுத்த மலருக்குரிய கட்டுரைகள் யாவும் ஒருங்குறியிலேயே வருக. எழுத்துரு இன்னதென அறிந்தோர் உள்ளபோதே பழைய கோப்புகளையும் மாற்றி வைப்போம். விரற்பழக்கம் நம்மோடு போகும். எழுத்து நம் பிள்ளைகளுக்கு எஞ்ச வேண்டும்.