சாட்சியும் கூலியும்



சென்ற மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் சபையின் வாலிபச் சகோதரர் ஒருவர் என்னிடம் தனியே பேச வந்தார். பகலில் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவர். இரவில் தம் மனைவியோடு சமையல் வீடியோ எடுத்து யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுகிறவர். தமிழ்க் குடும்பங்கள் பல அவற்றைப் பார்க்கின்றன. எங்கள் வீட்டிலும் பார்க்கிறோம். "பாஸ்டர், ஒரு கம்பெனி எங்களுக்கு இலவசமாக ஒரு மிக்ஸி அனுப்பியிருக்கிறது. பணம் எதுவும் வாங்கவில்லை. மிக்ஸியும் நன்றாகத்தான் அரைக்கிறது. அது இலவசமாக வந்தது என்று வீடியோவில் சொல்லவேண்டுமா? சொன்னால் ஜனங்கள் நம்பமாட்டார்கள் என்கிறார் கம்பெனிக்காரர்" என்றார்.

அவருடைய கடைசி வாக்கியத்திலேயே பதில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. சொன்னால் குறைந்துபோகிற நம்பிக்கையை, சொல்லாமல் வாங்கிக்கொள்வது எப்படி நியாயமாகும்?

தேசத்தின் சட்டமும் இதை விட்டுவைக்கவில்லை. இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021-ஆம் ஆண்டிலேயே இணையத்தில் பொருள்களைப் பரிந்துரைக்கிறவர்களுக்கென்று வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2023 ஜனவரியில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் தெளிவாகச் சொல்லிவிட்டது: பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், பயணம், விடுதித் தங்கல், குடும்ப உறவு, வேலைத் தொடர்பு ஆகிய எது இருந்தாலும் பார்ப்பவருக்கு அதை அறிவிக்கவேண்டும். விளம்பரம் என்பதை எளிய சொற்களில், பேசுகிற அதே மொழியில் அறிவிக்கவேண்டும்; வீடியோவானால் எழுத்திலும் குரலிலும் அறிவிக்கவேண்டும். அடியில் குவிந்துகிடக்கும் ஹேஷ்டேக்குகளுக்குள் ஒளித்துவைத்தால் போதாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் துணைநிற்கிறவருக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். இவற்றையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். ஆனால் அபராதத்துக்குப் பயந்து உண்மை பேசுகிறவனாக அவர் இருப்பதை நான் விரும்பவில்லை.

எலிசாவின் வேலைக்காரனாகிய கேயாசியை நினைத்துக்கொள்ளுங்கள். குஷ்டம் நீங்கிய நாகமான் காணிக்கையை எவ்வளவு வற்புறுத்தியும் தீர்க்கதரிசி வாங்க மறுத்தார். கேயாசியோ இரதத்தின் பின்னே ஓடி, எப்பிராயீம் மலைத்தேசத்திலிருந்து இரண்டு வாலிபர் வந்திருப்பதாகக் கதை கட்டி, இரண்டு தாலந்து வெள்ளியும் மாற்று வஸ்திரங்களும் வாங்கி வீட்டில் ஒளித்தான். எங்கே போயிருந்தாய் என்று கேட்டபோது எங்கும் போகவில்லை என்றான். இதில் நாகமானுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவன் சந்தோஷமாகவே கொடுத்தான், கேட்டதற்கு மேலும் கொடுத்தான். பிறகு எது கெட்டது? தேவனுடைய சுகம் விலைக்குக் கிடைப்பதல்ல என்று அந்தப் புறஜாதித் தளபதிக்கு எலிசா காட்டியிருந்த சாட்சி கெட்டது. அனனியா, சப்பீராளின் காரியமும் இப்படியே. நிலத்தின் விலையில் ஒரு பங்கை வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இருந்ததென்று பேதுருவே சொன்னார். வைத்துக்கொண்டதை மறைத்ததே குற்றம்.

கூலி வாங்குவதே பாவம் என்று எண்ணிவிடாதேயுங்கள். பவுலும் சபைகளிடம் உதவி பெற்றார். பெற்றதை ஒளிக்காமல், சபைகளில் வாசிக்கப்பட்ட நிருபங்களிலேயே எழுதினார்.

இப்போது என் காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன், தமிழ்நாட்டில் வீட்டுமனை விற்கும் ஒருவர் நம் ஆராதனைக்கு வந்துபோனார். சபைக்கு ஒரு ஸ்பீக்கர் செட்டை அன்பளிப்பாகக் கொடுத்தார். சில வாரங்கள் கழித்து, அவருடைய மனைகளைப் பற்றி நான் பிரசங்கபீடத்திலிருந்து இரண்டு வார்த்தை சொன்னேன். நல்ல சகோதரன், நம்பலாம் என்றேன். நான் பொய் சொல்லவில்லை, அப்படியே நம்பினேன். இரண்டு குடும்பங்கள் முன்பணம் கட்டின. மனைக்குப் போகப் பாதையே இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பணத்தில் பாதி திரும்பிவர நாலு வருஷம் ஆயிற்று, மீதி வரவேயில்லை.

வீட்டுவேலை செய்து அந்த முன்பணத்தைச் சேர்த்திருந்த சகோதரி என்னைக் குற்றப்படுத்தவில்லை. "பாஸ்டர், ஸ்பீக்கர் அவர் கொடுத்தது என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஊரில் அண்ணனை அனுப்பி நிலத்தைப் பார்த்துவரச் சொல்லியிருப்பேனே" என்றுமட்டும் சொன்னார்கள். அந்த வார்த்தை இன்றும் எனக்குள் கிடக்கிறது. நான் மறைத்தது ஒரு ஸ்பீக்கரை மட்டுமல்ல. அந்தச் சகோதரி நிதானித்துப் பார்க்கவேண்டிய தருணத்தையே எடுத்துப்போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபைக்குமுன் மன்னிப்புக் கேட்டேன். அதையும் அந்த ஸ்பீக்கர் வழியாகத்தான் கேட்கவேண்டியதாயிற்று.

வெளிமாநிலத்தில் பிழைக்கிற நமக்கு இது மற்றவர்களைவிட அதிகம் பொருந்தும். வாடகை வீடு, பிள்ளைக்குப் பள்ளி, சீட்டு, வைத்தியர் ஆகிய எல்லாவற்றையும் தெரிந்த தமிழர் ஒருவரின் வாய்ச்சொல்லை நம்பியே தேடிக்கொள்கிறோம். சபையிலோ, சாட்சி சொல்ல எழுந்தவரிடம் எவரும் ரசீது கேட்பதில்லை. அவருக்கு யாரும் கூலி கொடுத்திருக்கமாட்டார்கள் என்று அறிந்திருப்பதால் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தோடேயே செல்போனிலும் "நான் உபயோகித்துப் பார்த்தேன்" என்ற குரலைக் கேட்கிறோம். நம் பத்திரிகையில் விளம்பரம் வந்தால் கட்டம் கட்டி வருகிறது. சிறுபிள்ளைக்கும் அது விளம்பரம் என்று தெரியும். அந்தக் குரலைச் சுற்றிக் கட்டம் இல்லை.

இன்னொன்று. இணையத்தில் வாங்கிய பொருளின் பொட்டலத்துக்குள் சில சமயம் ஒரு சிறு அட்டை இருக்கும். ஐந்து நட்சத்திரம் போட்டுப் படம் அனுப்பினால் நூறு ரூபாய் திரும்பத் தருவோம் என்றிருக்கும். விசுவாசிகளில் பலர் இதைத் தள்ளுபடி என்று எண்ணுகிறார்கள். இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட தரநெறி, விலைகொடுத்துப் பெற்ற மதிப்புரைகளை வெளியிடலாகாது என்கிறது. அந்த நூறு ரூபாய், உங்களுக்குப்பின் வாங்கப்போகிற ஒருவரிடம் நீங்கள் சொல்லும் சாட்சிக்கான விலை. நட்சத்திரம் போடுங்கள், பொருளுக்கு எத்தனை தகுமோ அத்தனை. அட்டையைக் குப்பையில் போடுங்கள்.

தம்பி வீடியோவை மறுபடியும் எடுத்தார். மிக்ஸி இலவசமாக வந்தது என்பதைத் தொடக்கத்திலேயே வாயால் சொல்லி, திரையிலும் தமிழில் எழுதினார். முதல் வீடியோவில் இல்லாத ஒன்றையும் சேர்த்திருந்தார்: பெரிய ஜாரில் மாவு அரைத்தால் மூடியோரமாகக் கொஞ்சம் கசிகிறதாம். அந்தக் கம்பெனி அதன்பின் அவருக்கு ஒன்றும் அனுப்பவில்லை. அவர் மனைவி அதிலேயே தினமும் சட்னி அரைக்கிறார்கள்.